ஏழரை ஷில்லிங் கொலை

1930களில் லண்டன் கடையில் புதிதாக வந்த துப்பறியும் நாவல் ஒன்றைக் கெட்டி அட்டையில் வாங்க ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் வேண்டும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட் என்ற பழைய கணக்கில் அது 90 பென்ஸ். 1938இல் பிரிட்டனில் ஆண் தொழிலாளி ஒருவரின் சராசரி வாரச் சம்பளம் 69 ஷில்லிங். வீட்டு வாடகை, நிலக்கரி, ரொட்டி எதையும் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தச் சம்பளத்தில் ஒன்பது நாவல் வாங்கலாம். அதனால் பெரும்பாலோர் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார்கள். தெருமுனை வாடகை நூலகத்தில் ஒரு நாவலுக்கு 2 பென்ஸ். ஒரே பிரதியை 45 பேர் எடுத்துப் படித்தால்தான் அதன் கடைவிலை திரும்பி வரும்.

1935 ஜூலை 30 அன்று பெங்குவின் பதிப்பகம் தன் முதல் பத்து நூல்களை ஆறு பென்ஸ் விலையில் வெளியிட்டது. பத்து சிகரெட் கொண்ட பெட்டியின் விலை அது. பத்தில் இரண்டு கொலைக் கதைகள்: அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான 'த மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்', டோரதி சேயர்ஸின் 'தி அன்ப்ளெஸன்ட்னஸ் அட் த பெல்லோனா கிளப்'. கெட்டி அட்டை விலையோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்கு. புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். எந்தப் பொருளையும் ஆறு பென்ஸுக்குள் விற்றுவந்த வுல்வர்த் கடைத்தொடர் மட்டும் 63,500 பிரதிகள் கேட்டு வாங்கியது. பன்னிரண்டு மாதத்தில் பெங்குவின் விற்றது 30 லட்சம் பிரதிகள். 1948இல் அதே பதிப்பகம் கிறிஸ்டியின் பத்து நூல்களை, நூலுக்கு ஒரு லட்சம் பிரதி வீதம், ஒரே சமயத்தில் கடைக்கு அனுப்பியது. ஒரே எழுத்தாளரின் புத்தகங்கள் பத்து லட்சம்.

விலை இறங்கினால் வாசகர் பெருகுவார், வாசகர் பெருகினால் எழுதுகிறவரும் பெருகுவார். காலின்ஸ் பதிப்பகத்தின் 'கிரைம் கிளப்' வரிசை 1930இல் தொடங்கி 1994 வரை ஓடியது. 64 ஆண்டில் 2,000க்கும் மேற்பட்ட தலைப்புகள், மாதத்துக்கு இரண்டரை. இது ஒரு பதிப்பகத்தின் ஒரு வரிசை மட்டும்தான். லண்டனிலும் நியூயார்க்கிலும் இப்படி எத்தனையோ வரிசைகள் போட்டியிட்டன. ஏழரை ஷில்லிங் கொடுக்கிறவருக்கும் சரி, இரண்டு பென்ஸ் வாடகை கொடுக்கிறவருக்கும் சரி, கேள்வி ஒன்றுதான்: இந்த வாரம் வந்ததில் எதைப் படிக்கலாம்? அதற்கு வாராவாரம் பதில் சொன்னவர்கள் கொலை நாவல் மதிப்புரையாளர்கள். எழுத்தாளர்களின் புகழை நாம் நிறையப் பேசிவிட்டோம். இந்த மதிப்புரையாளர்களின் உழைப்பை எண்களில் வைத்துப் பார்த்தால், ஓர் இலக்கிய வகை எப்படித் தரம் பிடித்தது என்பது தெரியும்.

முதலில் எழுதியவர்களின் வரவு. துப்பறியும் கதை என்ற வடிவம் பிறந்தது 1841 ஏப்ரலில், பிலடெல்பியாவில், 'கிரஹாம்ஸ் மேகஸின்' பக்கங்களில். 'த மர்டர்ஸ் இன் த ரூ மோர்க்' கதைக்கு எட்கர் ஆலன் போ பெற்ற தொகை 56 டாலர். 1886இல் மெல்போர்னில் ஃபெர்கஸ் ஹ்யூம் தன் சொந்தப் பொறுப்பில் 'த மிஸ்டரி ஆஃப் எ ஹான்ஸம் கேப்' நாவலை 5,000 பிரதிகள் அச்சிட்டார், விலை ஒரு ஷில்லிங். விற்றுத் தீர்ந்தது. வெளிநாட்டு உரிமையை 50 பவுண்டுக்குக் கைமாற்றினார். அதன்பிறகு லட்சக்கணக்கில் விற்றும் அவருக்கு ஒரு பென்ஸ் வரவில்லை. அதே காலத்தில் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸ் அறிமுகமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலின் முழு உரிமையையும் 25 பவுண்டுக்கு விற்றார். விற்பனையில் பங்கு கேட்டுப் பார்த்தார், பதிப்பகம் மறுத்தது.

கிறிஸ்டி தன் முதல் நாவலை எழுதியது 1916இல். சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஜான் லேன் ஏற்றுக்கொண்டார். முதல் 2,000 பிரதிகளுக்கு ராயல்டி கிடையாது, அடுத்த ஐந்து நூல்களும் தனக்கே என்பது ஒப்பந்தம். அமெரிக்காவில் 1920 அக்டோபரிலும் பிரிட்டனில் 1921 ஜனவரியிலும் நூல் வந்தது. விற்றது ஏறக்குறைய 2,000. ஆக ராயல்டி இல்லை. தொடர்கதை உரிமையில் பாதிப் பங்காக 25 பவுண்ட் மட்டும் கைக்கு வந்தது. கிறிஸ்டி தன் வாழ்நாளில் எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. அந்த 66ஐயும் ஏழரை ஷில்லிங் வீதம் வாங்குவதாக வைத்துக்கொண்டால் 495 ஷில்லிங், அதாவது 24 பவுண்ட் 15 ஷில்லிங். முதல் நாவலுக்கு அவர் பெற்ற பணத்தில், தன் எல்லா நாவல்களுக்கும் ஒரு பிரதி வீதம் பழைய விலையில் வாங்கியிருக்கலாம், ஐந்து ஷில்லிங் மிச்சம். ஆனால் 1924 வாக்கில் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழ் அவருடைய நான்காவது நாவலின் தொடர்கதை உரிமைக்கு 500 பவுண்ட் கொடுத்தது. ஒரு மோரிஸ் கௌலி கார் வாங்கினார். நான்கு நூல்களுக்குள் இருபது மடங்கு ஏற்றம்.

இந்த ஏற்றத்துக்கு எழுத்துத் திறமை முதல் காரணம். இரண்டாவது காரணமாக மதிப்புரைகளையும் நான் சேர்ப்பேன். முதல் நாவலுக்கு வந்த மதிப்புரைகளில் ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. முதல் உலகப்போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்த கிறிஸ்டி, மருந்தாளுநர் உதவியாளருக்கான தேர்வில் தேறியவர். நாவலில் நஞ்சு பற்றி எழுதியதெல்லாம் பிழையின்றி இருக்கிறது என்று 'ஃபார்மசூட்டிகல் ஜர்னல்' என்ற மருந்துத் தொழில் இதழ் பாராட்டியது. அதில் கிறிஸ்டிக்குப் பெருமை அதிகம். எந்த நஞ்சு, எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதை இங்கே நான் சொல்லப்போவதில்லை. படிக்காதவர்களுக்கு அது தெரியக்கூடாது. தொழில் தெரிந்த ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட இந்த மாதிரி மதிப்புரை, பொத்தாம்பொதுவான பத்துப் புகழுரைகளை விட மேலானது.

இனி மதிப்புரையாளர்கள் கணக்கு. டோரதி சேயர்ஸ் 1933 முதல் 1935 வரை, இரண்டாண்டுக்குச் சற்று மேல், 'சண்டே டைம்ஸ்' ஞாயிறு இதழில் துப்பறியும் நாவல்களை மதிப்பிட்டார். அவர் எடுத்துப் பேசியவை 350 நூல்களுக்கு மேல். வாரத்துக்கு மூன்று என்று வருகிறது. அந்தக் கால நாவலின் நீளத்தைத் தோராயமாக 70,000 சொற்கள் என்று வைப்போம். நிமிடத்துக்கு 250 சொல் படிக்கிறவருக்கு ஒரு நாவல் நான்கு மணி நாற்பது நிமிடம். மூன்றுக்குப் பதினான்கு மணி நேரம். எழுதும் நேரம் தனி. இது முழுநேர வேலையும் அல்ல. அதே மூன்று ஆண்டில் அவர் வெளியிட்ட சொந்த நாவல்கள் 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்' (1933), 'த நைன் டெய்லர்ஸ்' (1934), 'காடி நைட்' (1935). அவருடைய நூல்களில் உச்சம் என்று வாசகர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த மூன்றைப் பற்றித்தான். அடுத்தவர் எழுத்தை வாரம் மூன்று வீதம் நிறுத்துப் பார்த்தது அவருடைய சொந்தத் தராசையும் கூர்மையாக்கியது என்பது என் உறுதியான எண்ணம். ஒழுங்கற்ற ஆங்கிலம் எழுதியவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. கொலை நாவல்தானே, மொழி எப்படியிருந்தால் என்ன என்ற சலுகையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

நான்கு மணி நாற்பது நிமிடம் என்பது ஒருமுறை படிக்க. கொலை நாவலை மதிப்பிட ஒருமுறை போதாது. கடைசி அத்தியாயத்தில் கொலையாளி யார் என்று தெரிந்தபின் திரும்பிப் போக வேண்டும். முப்பதாம் பக்கத்தில் கடிகாரம் பற்றி வந்த ஒரு வரி, எழுபதாம் பக்கத்தில் வேலைக்காரி சொன்ன ஒரு சொல், நூற்றிருபதாம் பக்கத்தில் தோட்டத்துக் கதவு. எல்லாம் உண்மையாகவே அங்கே இருந்தனவா, அல்லது ஆசிரியர் முடிவில் புதிதாக நுழைத்தாரா? இதைச் சரிபார்க்காத மதிப்புரை பாதி மதிப்புரை. ஒரு நூலுக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். கதையை இரண்டாம் முறை புரட்டுவதும் முதல் வாசிப்பின் பகுதியாகவே அமைந்த வேறு நாவல் வகை எனக்குத் தெரிந்து இல்லை.

நியாயம் என்ற இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்தில் எழுத்தில் விதிகளே இருந்தன. 1928இல் அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 20 விதிகள் வெளியிட்டார். 1929இல் கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 10 விதிகள் வகுத்தார். 1930இல் லண்டனில் 'டிடெக்ஷன் கிளப்' உருவானது, முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். வாசகரை ஏமாற்றாமல் எழுதுவதாக உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். இரண்டு பட்டியலும் சேர்ந்து 30 விதிகள். மிகச் சிறந்த நாவல்கள் சில இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மீறியவை. 1926இல் வந்த கிறிஸ்டியின் 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நியாயமான ஆட்டம்தானா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியது வாசகரின் பொறுப்பு என்று சேயர்ஸ் கிறிஸ்டி பக்கம் நின்றார். விதியை மீறினாரா என்பதோடு நிறுத்தாமல், மீறியபின் வாசகருக்குத் தர வேண்டியதைத் தந்தாரா என்று பார்க்கிறவரே நல்ல மதிப்புரையாளர். அந்த நாவலைத் திரும்பப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை.

எண்ணிக்கையில் சிக்கனம் காட்டுவதும் இந்த வகையின் அழகுகளில் ஒன்று. 1936இல் வந்த 'கார்ட்ஸ் ஆன் த டேபிள்' நாவலில் சந்தேகத்துக்குரியவர்கள் நால்வர், துப்பறிகிறவர்களும் நால்வர். வேறு யாரும் கொலை செய்திருக்க முடியாது என்று முன்னுரையிலேயே கிறிஸ்டி சொல்லிவிடுகிறார். 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவலில் ஐந்து பேர், கொலை நடந்து பதினாறு ஆண்டு கழித்து விசாரணை. ஆள் குறையக் குறைய ஒளித்து வைக்க இடம் குறையும், ஆசிரியருக்குச் சவால் கூடும். ஆன்டனி பெர்க்லி எதிர்த் திசையில் போனார். 1929இல் வந்த அவருடைய 'த பாய்ஸன்ட் சாக்லெட்ஸ் கேஸ்' நாவலில் கொலை ஒன்று, துப்பறிகிறவர் ஆறு பேர், ஆளுக்கொரு விடை. 1979இல் கிறிஸ்டியானா பிராண்ட் ஏழாவது விடை எழுதினார், 2016இல் மார்ட்டின் எட்வர்ட்ஸ் எட்டாவது. ஒரே கொலைக்கு 87 ஆண்டில் எட்டு விடைகள். அதே தடயங்கள் எட்டு விதமாகப் பொருந்துகின்றன என்றால், ஒரு மதிப்புரையாளர் 'விடை நம்பும்படி இருக்கிறது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது என்று தெரிகிறது.

மதிப்புரையாளர்களில் மிக விசித்திரமானவர் எட்வர்ட் போயிஸ் மதர்ஸ். 'டார்க்கிமாடா' என்ற புனைபெயரில் 'அப்சர்வர்' இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டவர். 1926 முதல் 1939இல் இறக்கும்வரை 670 புதிர்கள். அதே இதழில் அதே பெயரில் துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரையும் எழுதினார். புதிர் போடுகிறவர் எப்படி மறைக்க வேண்டும், எவ்வளவு காட்ட வேண்டும் என்று அறிந்தவர் ஆதலால், நாவலாசிரியர் எங்கே நழுவுகிறார் என்பது அவருக்கு உடனே புலப்படும். 1934இல் அவரே ஒரு கொலை நாவல் எழுதினார். பெயர் 'கெய்ன்ஸ் ஜாபோன்'. மொத்தம் 100 பக்கங்கள், ஆறு கொலைகள், பக்கங்கள் வேண்டுமென்றே முறைமாற்றி அச்சிடப்பட்டவை. சரியான வரிசை ஒன்றுதான். நூறு பக்கங்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டால், 1இலிருந்து 100 வரை எல்லா எண்களையும் பெருக்க வேண்டும். வரும் எண்ணுக்கு 158 இலக்கங்கள். பரிசு 15 பவுண்ட். அந்தக் காலத்தில் விடை கண்டவர்கள் இருவர். 2019இல் மறுபதிப்பு வந்தபோது பரிசை 1,000 பவுண்டாக்கினார்கள். பிரிட்டிஷ் நகைச்சுவை எழுத்தாளர் ஜான் ஃபினமோர் 2020 ஊரடங்கு மாதங்களில் வீட்டுக்குள் அடைபட்டிருந்து விடை கண்டார். வாசிப்பது என்றால் வேலை செய்வது என்ற எண்ணத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோன நூல் வேறில்லை. அதை எழுதியவர் ஒரு மதிப்புரையாளர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. 'சாட்டர்டே ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்' இதழ் கொலை நாவல்களுக்கென்று ஒரு அட்டவணை போட்டது. நான்கு கட்டங்கள். முதலில் தலைப்பும் ஆசிரியரும். இரண்டாவது கட்டத்தில் குற்றம், இடம், துப்பறிகிறவர். மூன்றாவதில் சுருக்கமான கணிப்பு. நான்காவதில் தீர்ப்பு, ஒன்றிரண்டு சொல்லில். ஒரு நூலுக்கு எல்லாம் சேர்த்துச் சில வரிகள். ஒரு பக்கத்தில் அந்த வாரத்து நூல்கள் வரிசையாக நின்றுவிடும். ரயில் பிடிக்கப் போகிறவர் நான்காவது கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். நீண்ட மதிப்புரைக்கு இது மாற்றாகாது. ஆனால் எதையும் கெடுக்காமல் தேவையானதைச் சொல்லும் படிவம் இதைவிடச் சிறந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. அதே இதழில் 1927 முதல் 1929 வரை மதிப்புரை எழுதியவர்களில் ஒருவர் டாஷியல் ஹாமெட். பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பின்னால் 'த மால்டீஸ் ஃபால்கன்' எழுதியவர். உண்மையான விசாரணை எப்படி நடக்கும் என்று தெரிந்த ஒருவர், மாளிகை நூலகத்தில் உட்கார்ந்து கொலையைத் தீர்க்கும் நாயகர்களை எடைபோட்டார். மருந்துத் தொழில் இதழ் செய்த வேலையின் இன்னொரு வடிவம் அது.

உழைப்பின் அளவில் எல்லோருக்கும் மேலே நிற்பவர் ஆன்டனி பௌச்சர். 1942 முதல் 1947 வரை 'சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' நாளிதழில் எழுதினார். 1951இல் 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இணைப்பில் 'கிரிமினல்ஸ் அட் லார்ஜ்' என்ற பத்தியைத் தொடங்கி, 1968 ஏப்ரலில் 56 வயதில் இறக்கும்வரை விடாமல் எழுதினார். மொத்தம் 852 பத்திகள். பதினேழு ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு ஐம்பது. விடுமுறை எடுத்த வாரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்திக்கு மூன்று நூல் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 2,500க்கு மேல். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் மதிப்புரைக்காகத் தரும் எட்கர் விருதை 1946, 1950, 1953 என்று மூன்று முறை பெற்றார். 1948இல் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதை ஒன்று ஆங்கிலத்தில் முதன்முதலாக வந்தது 'எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகஸின்' என்ற துப்பறியும் இதழில்தான், மொழிபெயர்த்தவர் பௌச்சர். போர்ஹெஸும் பியோனஸ் ஐரிஸில் இதே தொழிலைச் செய்துவந்தவர். 1936 முதல் 'எல் ஓகார்' இதழில் துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார். 1945இல் எழுத்தாளர் பியாய் கசாரெஸோடு சேர்ந்து 'ஏழாவது வட்டம்' என்ற துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கினார். அந்த வரிசை பிற்காலத்தில் 366 நூல்வரை வளர்ந்தது. பௌச்சர் இறந்து இரண்டு ஆண்டில், 1970இல், அவர் பெயரால் வாசகர் மாநாடு ஒன்று தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. மதிப்புரையாளர் ஒருவர் பெயரில் இப்படி ஆண்டுதோறும் வாசகர்கள் கூடுவது மிக அரிது.

எதிர்ப்புறக் கணக்கும் உண்டு. 1944 அக்டோபரில் எட்மண்ட் வில்சன் என்ற பெரிய விமர்சகர் 'நியூயார்க்கர்' இதழில், துப்பறியும் கதைகளை மக்கள் ஏன் படிக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கடுமையான கட்டுரை எழுதினார். அவருக்கு வந்த கடிதங்கள் 39. ஆதரித்தவை ஏழு, மீதி 32 எதிர்ப்பு. நூற்றுக்கு 82 பேர் எதிர்த்தார்கள். 1945 ஜனவரியில் இன்னொரு கட்டுரை எழுதினார். ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்பது அதன் தலைப்பு. அவர் குறை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. சராசரி நாவல்கள் பலவற்றில் பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள்தான். ஆனால் சிலவற்றைப் படித்துவிட்டு வகை முழுவதையும் ஒதுக்கினார். வாரம் மூன்று வீதம் ஆண்டுக்கணக்கில் படித்து, பதரை நீக்கி நெல்லைக் காட்டியவர்களின் பொறுமை அவரிடம் இல்லை. 2013இல் பிரிட்டனின் குற்ற இலக்கிய எழுத்தாளர் சங்கம் தன் 600 உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தது. இதுவரை வந்ததில் சிறந்த குற்ற நாவல் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. வில்சன் கேட்ட கேள்விக்கு 68 ஆண்டு கழித்து வந்த பதில் என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சொல்லலாம் என்பது மதிப்புரையாளரின் தீராத சங்கடம். 70,000 சொல் கொண்ட நாவலில் சொல்லக்கூடாதது சில நேரம் ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் வாசகர் கொடுத்த ஏழரை ஷில்லிங்கும் வீண். லண்டனில் 1952 நவம்பர் 25 அன்று தொடங்கிய கிறிஸ்டியின் 'த மவுஸ்ட்ராப்' நாடகத்தில், முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் பார்வையாளரைக் கேட்டுக்கொள்வார்கள். 2018 செப்டம்பருக்குள் 27,500 காட்சிகள் நடந்திருந்தன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்று, 2021 மே மாதம் மறுபடி தொடங்கியது. இத்தனை லட்சம் பேர் பார்த்தும், புதிதாகப் போகிறவர் பலருக்கு முடிவு தெரியாது. ஆக, சொல்லாமல் பேசுவது முடியாத காரியம் அல்ல. நான் கடைப்பிடிக்கும் வரம்பு மூன்றில் ஒன்று: 240 பக்க நாவலென்றால் முதல் 80 பக்கத்தில் நடப்பதைத் தாண்டிக் கதை சொல்வதில்லை. முதல் பிணம் எந்தப் பக்கத்தில் விழுகிறது, சந்தேகத்துக்கு உரியவர்கள் எத்தனை பேர், தடயங்கள் எல்லாம் நம் கண்முன் வைக்கப்பட்டனவா, விடை தெரிந்தபின்னும் மறுபடி படிக்கத் தோன்றுகிறதா? இந்த நான்குக்கும் முடிவைத் தொடாமல் பதில் எழுதிவிடலாம்.

இந்தக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. ஷெர்லக் ஹோம்ஸ் அச்சில் வந்தது 1887இல். பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' வந்தது 1894இல். ஏழே ஆண்டு இடைவெளி. அடுத்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ராஜேஷ்குமார் ஒருவரே எழுதிய நாவல்கள் 1,500க்கு மேல். கிறிஸ்டியின் 66ஐப் போல இருபத்திரண்டு மடங்கு. பேருந்து நிலையக் கடைகளில் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிய பாக்கெட் நாவல்களைப் படித்தே வாசிப்புப் பழக்கம் பிடித்தவர்கள் நம்மில் பல்லாயிரம் பேர். ஆனால் அந்த நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது நியாயமான ஆட்டம், இது இல்லை, இது அவருடைய மிகச் சிறந்த பத்தில் ஒன்று என்று வாராவாரம் சொல்ல நமக்கொரு பௌச்சர் அமையவில்லை. மாத நாவல் மாதத்தோடு போயிற்று. நல்லதும் போயிற்று. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

வேலை பெரிதாகத் தெரியலாம், கணக்குப் போட்டால் அடங்குகிறது. ராஜேஷ்குமாரின் 1,500 நாவல்களைச் சேயர்ஸ் வேகத்தில், வாரம் மூன்றாகப் படித்தால் 500 வாரம், பத்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பௌச்சர் பதினேழு ஆண்டு எழுதினார். நம் பாக்கெட் நாவல் 70,000 சொல் நீளமும் அல்ல. நேரம் இன்னும் குறையும். நாவலுக்கு 60 சொல்லில் 'சாட்டர்டே ரிவ்யூ' அட்டவணை மாதிரி ஒரு குறிப்பு எழுதினால் மொத்தம் 90,000 சொல், ஏறத்தாழ 300 பக்கப் புத்தகம். இதற்கு முன்மாதிரியும் உண்டு. ஜாக் பார்சன் என்ற வரலாற்றாசிரியரும் வெண்டல் ஹெர்டிக் டெய்லர் என்ற வேதியியல் ஆசிரியரும் சேர்ந்து 1971இல் 'எ கேட்டலாக் ஆஃப் கிரைம்' கொண்டுவந்தார்கள். 1989 திருத்தப் பதிப்பில் குறிப்புகள் 5,000ஐத் தாண்டின. இரண்டு நண்பர்களின் வாசிப்பு அது, எந்தப் பல்கலைக்கழகத் துறையும் செய்ததல்ல.

அப்படியொரு பட்டியல் தமிழில் வர வேண்டும். வார இதழ் ஆசிரியர்கள் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும், வாரம் மூன்று நாவல், பழையது இரண்டு, புதியது ஒன்று. எழுதத் தெரிந்த தீவிர வாசகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பரணில் பாக்கெட் நாவல் கட்டு ஏதும் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அட்டையைக் கிழிக்காமல், நாவலின் பெயர், எழுதியவர், மாதம், ஆண்டு, விலை, பக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் ஆர்வத்தில் தேடிச் சேர்த்த சுமார் 50,000 நூல்கள்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாயின. உங்களால் வைத்திருக்க முடியாத கட்டைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.